ஆடம்பர வாகனம் ஆகுமா?

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னர், சேவூரில் பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து ஜகாத்தை நிறைவேற்றுபவர். தறிக்காரர்களின் கூலியை நிறுத்தி வைக்காதவர் என்று ஊரார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கவேண்டும். கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூடாது” என்றார்.

சிரிக்க மாட்டோம் என்று வாக்களித்தோம். அவர் கேட்டது இதுதான். சென்னையில் ஒருவரிடம் மாசெராட்டி என்ற இத்தாலிய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. க்வாட்ரோபோர்ட்டே என்பது அந்த வண்டியின் பெயர். இத்தாலிய மொழியில் ‘நான்கு கதவு’ என்பது தவிர அந்தப் பெயருக்கு வேறு பொருளில்லை. புதிதாக வாங்கியபோது ஒரு கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்ட அந்த வண்டி, பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டபடியால் இன்று ஒரு புதிய குடும்பக் காரின் விலைக்கே கிடைக்கிறது. கையில் ரொக்கம் இருக்கிறது. கடன் வாங்க வேண்டியதில்லை. ஆரணிக் கடைக்கும் வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் அன்றாடம் போய்வர அதையே வைத்துக்கொள்ள ஆசை. “எப்படியும் ஒரு கார் வாங்கத்தான் போகிறேன். அதே பணத்துக்கு இது கிடைக்கிறது. இது ஆகுமா, ஆகாதா?” என்று முடித்தார்.

நாம் யோசிக்கவே இல்லை. “இது இஸ்ராஃப் பாய், வீண் விரயம். விட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டோம்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீங்கள் சொன்னால் விட்டுவிடுகிறேன் ஹஜ்ரத். ஆனால் இன்று பகலில் ஒரு நிகாஹ் வீட்டாருக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு சேலை விற்றேன். உடம்பை மறைக்க ஐந்நூறு ரூபாய் நூல் சேலை போதும். இந்தச் சேலையை அந்தப் பெண் ஆயுளில் பத்துத் தடவை உடுத்துவாளா? வண்டி வீண் என்றால் என் சேலையும் வீண்தானே? இந்த ஊரில் தறிக்குழியில் கால் வைத்தவர்கள் எல்லாரும் வீணுக்குத்தானே உழைக்கிறோம்?”

நம்மிடம் பதில் இல்லை. கிதாபுகளைப் பார்த்துச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பி வைத்தோம். அவருடைய கேள்வி ஒரு காரைப் பற்றியது மட்டுமல்ல என்பது பிறகுதான் விளங்கிற்று. அழகான பொருள், விலையுயர்ந்த பொருள், அவசியத்துக்கு மிஞ்சிய பொருள் ஆகியவற்றின்பால் ஒரு முஃமினுடைய நிலை எப்படி இருக்கவேண்டும் என்பதே அதனுள் அடங்கியிருக்கும் வினா. அது கார் வாங்குவோர்க்கு மட்டும் உரியதன்று. நம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. ஆகவே நாம் பார்த்தவற்றையும் சிந்தித்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

விலையா, வரம்பா?

வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகளாகத் திருமறை பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. இது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் அதே திருமறையின் அஃராஃப் அத்தியாயத்தில், அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடுத்தது யார் என்ற கேள்வியும் எழுப்பப்பட்டிருக்கிறது. ஃபுர்கான் அத்தியாயத்திலோ, ரஹ்மானின் அடியார்கள் செலவு செய்யும்போது வரம்பு மீறுவதுமில்லை, கஞ்சத்தனம் செய்வதுமில்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்று அவர்களுடைய இலக்கணம் கூறப்படுகிறது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். கண்டிக்கப்பட்டது விலை அன்று, வரம்பு மீறுதல்.

வாகனத்தைப் பற்றியே பேசுவோம். நஹ்ல் அத்தியாயத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைப் படைத்ததன் நோக்கத்தை அல்லாஹுதஆலா குறிப்பிடும்போது, ஏறிச் செல்வதோடு அலங்காரத்தையும் சேர்த்தே சொல்லிக் காட்டுகிறான். நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்று அந்த வசனம் முடிகிறது. இன்றைய வாகனங்களையும் முஃபஸ்ஸிர்கள் பலர் இதில் அடக்குகிறார்கள். வாகனத்தில் அழகு இருப்பது குற்றமாயின், அதைத் தன் அருட்கொடைகளின் வரிசையில் அல்லாஹ் எண்ணிக் காட்டியிருக்க மாட்டான்.

கிழிந்த உடையோடு பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகத்துக்கு வந்த ஒருவரிடம், உமக்குச் செல்வம் உண்டா என்று அவர்கள் விசாரித்தார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் உண்டு என்றார் அவர். அப்படியானால் அல்லாஹ் உமக்களித்த நிஃமத்தின் அடையாளம் உம்மிடம் தெரியட்டும் என்ற கருத்தில் அவர்கள் அருளியதாக அபூதாவூதிலும் நஸாயீயிலும் வருகிறது. நல்ல வாகனம் அமைவதை மனிதனுடைய நற்பேறுகளில் ஒன்றாக எண்ணும் ஹதீஸும் உண்டு.

ஆகவே, “விலை அதிகம், ஆகவே இஸ்ராஃப்” என்று நாம் அன்றிரவு சொன்னது அவசரத் தீர்ப்பு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நேற்றைய ஆடம்பரம்

அந்த சகோதரரின் ஆசைக்கு ஒரு வேர் உண்டு. அவருடைய அத்தா ஒரு பியட் வைத்திருந்தாராம். இந்த இதழைப் படிக்கும் பெரியவர்களுக்குப் பியட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் இத்தாலியக் கார்தான். அதை நம் நாட்டில் பிரீமியர் கம்பெனியார் பம்பாய் குர்லாவில் 1950களிலிருந்து தயாரித்தார்கள். பின்னாளில் அதற்குப் பிரீமியர் பத்மினி என்று பெயர் வந்தது. ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர்க் கம்பி. முன்னால் ஒரே நீண்ட இருக்கை. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்துதான் வாங்கமுடியும். ஒரு தெருவில் ஒரு பியட் நின்றால் அந்தத் தெருவுக்கே மதிப்பு என்றிருந்த காலம் அது.

அதே பத்மினிதான் பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஆயிரக்கணக்கில் ஓடி, யார் வேண்டுமானாலும் கை காட்டி ஏறும் வண்டியாயிற்று. கடைசி டாக்ஸியும் வயது வரம்பைக் கடந்து 2023 அக்டோபரில் சாலையிலிருந்து விலகியது. பியட் கம்பெனியும் தன் பெயரில் கார் விற்பதை 2019ஆம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்திக்கொண்டது. ஒரு தலைமுறையின் ஆடம்பரம் அடுத்த தலைமுறையின் வாடகை வண்டி. அதற்கடுத்த தலைமுறைக்குப் பழைய இரும்பு. எது ஆடம்பரம் என்பதைக் காலமும் ஊர் வழக்கமும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஃபுகஹாக்கள் இத்தகைய விஷயங்களில் ‘உர்ஃப்’ என்னும் வழக்கத்தைக் கவனிப்பது இதனால்தான். ஒரு பொருளின் நெற்றியில் ‘இஸ்ராஃப்’ என்று நிரந்தரமாக எழுதி ஒட்ட முடியாது.

பியட் என்றதும் இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது பிள்ளைகளின் விருப்பத்துக்காக ஒரு பியட் வாங்கினார். அன்றைய விலை 12,000 ரூபாய். அவருடைய கணக்கில் இருந்ததோ 7,000. மீதி 5,000ஐப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 ஜனவரி 11ஆம் தேதி தாஷ்கண்டில் அவர் காலமானார், கடன் தீரவில்லை. அவருடைய மனைவியார் லலிதா சாஸ்திரி தம் பென்ஷன் பணத்திலிருந்து அதைக் கட்டி முடித்தார். அந்தக் கார் இன்றும் டில்லியில் அவருடைய நினைவில்லத்தில் நிற்கிறது. நாட்டின் பிரதமர் 5,000 ரூபாய்க்குக் கடன்பட்டார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. ஆயினும் அதில் நமக்கு வேறொரு படிப்பினையும் இருக்கிறது. மவுத் தவணை முடியும்வரை காத்திருப்பதில்லை. ஏறி மகிழ்ந்தவர் போய்விடுவார். கட்டுவது வீட்டிலிருக்கும் பெண்மணி. கடனாளியின் ஜனாஸாவுக்குத் தொழவைக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்ததும் புகாரியில் உள்ளன. இன்று வாகனக் கடன் என்றால் வட்டியும் உடன் வரும். வசதிக்காக ஏறும் வாகனத்துக்கு வட்டியைச் சக்கரமாகப் பூட்டுவது முஃமினுக்கு அழகல்ல. நம் சகோதரர் இந்தச் சிக்கலில் இல்லை என்பதால் அவரைப் பொறுத்தவரை இந்த வாசல் கடந்துவிட்டது.

குதிரை மூவருக்கு

பின்னர் நாம் தேடிச் சென்று நின்றது புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்களின் வாயிலாக வரும் ஒரு நீண்ட ஹதீஸிடம். குதிரை மூன்று வகையினருக்கு மூன்று விதமாக அமையும் என்று அதில் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்குகிறார்கள். அல்லாஹ்வின் பாதைக்கென்று வளர்ப்பவருக்கு அது நற்கூலி; அது மேய்ந்த புல்லும் குடித்த தண்ணீரும் கூட நன்மையில் எழுதப்படும். பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக வைத்துக்கொண்டு, அதில் அல்லாஹ்வுக்குரிய ஹக்கை மறவாதவருக்கு அது திரை. பெருமைக்காகவும் பிறர் காண்பதற்காகவும் கட்டி வைப்பவருக்கோ அது பாவச் சுமை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மூவரிடமும் இருப்பது குதிரைதான். ஒருவருடையது உயர்ந்த சாதிக் குதிரை, மற்றவருடையது மட்டக் குதிரை என்று அந்த ஹதீஸ் பிரிக்கவில்லை. பிரிவு, கடிவாளத்தைப் பிடித்தவனுடைய நெஞ்சில்தான் நிகழ்கிறது.

அதே ஹதீஸின் இறுதியில், கழுதையைப் பற்றி என்ன என்று தோழர்கள் வினவுகிறார்கள். அதைப்பற்றித் தனியாக எதுவும் எனக்கு இறக்கப்படவில்லை என்று கூறி, அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் என்ற ஜில்ஜால் அத்தியாயத்தின் கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். குதிரைக்கும் கழுதைக்கும் சொன்னது காருக்கும் போதும். தனி மஸ்அலா தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

பட்டுக்கும் இதே தராசுதான். பட்டு நம் ஆண்களுக்கு ஹராம், பெண்களுக்கு ஆகும். ஆயினும் பட்டு மேலங்கி ஒன்றைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு அனுப்பியபோது, நீர் உடுத்துவதற்காக அல்ல, விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ தான் என்று விளக்கியிருக்கிறார்கள். ஆக, தான் உடுத்தக்கூடாத பொருளையும் ஒருவன் நெய்யலாம், விற்கலாம். அந்தக் கூலி ஹலால். தறிக்குழியில் அமர்ந்து ஜரிகைக் கரை நெய்யும் நம் ஊர்த் தொழிலாளியும், எங்கோ இத்தாலியில் கார் இருக்கைக்குத் தோல் தைக்கும் தொழிலாளியும் கைவேலையை அழகாகச் செய்பவர்களே. அழகாகச் செய்தது அவர்கள் குற்றமாகாது.

ஆகவே, அந்த சகோதரருக்கு நம் பதில் இதுதான்: உங்கள் வியாபாரம் வீணன்று. ஆனால் உங்களிடம் நாற்பதாயிரத்துக்குச் சேலை வாங்கிய வீட்டாருக்கு அது மூன்றில் ஒன்றாக ஆகியிருக்கும். இருக்கும் பணத்தில் மகளை மகிழ்விக்க வாங்கியிருந்தால் ஒரு கணக்கு. வட்டிக்கு வாங்கி, சம்பந்தி வீட்டார் வாயடைக்க வாங்கியிருந்தால் வேறு கணக்கு. அந்தக் கணக்கை அவர்கள் பார்க்கட்டும். உங்கள் கார்க் கணக்கை நீங்கள் பாருங்கள்.

மலிவின் மறுபக்கம்

கார்க் கணக்கைப் பார்ப்பதற்கு வாகனத் தொழில் தெரிந்தவர்களிடம் நாமும் விசாரித்தோம். அவர்கள் சொன்னதில் ஒரு வாக்கியம் நம் மனத்தில் தங்கிவிட்டது: “வண்டியின் விலை இறங்கும் ஹஜ்ரத், உதிரி பாகத்தின் விலை இறங்காது.”

இதை விளக்குவோம். கோடி ரூபாய் வண்டி எதற்காக இவ்வளவு மலிகிறது? ஓடாததனால் அல்ல, ஓட்டுவதற்கு ஆகும் செலவுக்கு அஞ்சி வாங்குவோர் குறைவதனால். பத்து வருடம் கழித்து அந்த வண்டி சாதாரணக் காரின் விலைக்கு வந்தாலும், அதன் பிரேக்கும் ஷாக் அப்சார்பரும் இன்னும் கோடி ரூபாய் வண்டியின் பாகங்களே. அவை கடல் கடந்து, சுங்கம் கட்டி வரவேண்டும். வரும்வரை வண்டி நிற்கும். எட்டு சிலிண்டர் இன்ஜின் ஃபெராரி தொழிற்சாலையில் தயாரானது என்பது பெருமைதான். ஆனால் ஊருக்குள் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுவதால் பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் கவனிக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கும் அதிக நீளம், தரையோடு தாழ்ந்த உடல். நம் சாலைகளின் வேகத்தடை ஒவ்வொன்றும் அதற்கு ஒரு சோதனை.

ஆக, வாங்கும் விலையை மட்டும் சொல்லி “சாதாரணக் கார் விலைதானே” என்பது அரைக் கணக்கு. நஃப்ஸு எப்போதும் நமக்கு அரைக் கணக்கையே காட்டும். பொருளின் முன்பகுதியில் உள்ள மலிவைக் காட்டி, பின்பகுதியில் உள்ள செலவை மறைக்கும். வரம்பு மீறுதல் பெரும்பாலும் வாங்கும் நாளில் நிகழ்வதில்லை. வாங்கியதைக் காப்பாற்றும் நாட்களில் சிறிது சிறிதாக நிகழ்கிறது. காருக்கு மட்டுமா இது? கடன் இல்லாமல் கட்டத் தொடங்கி மாடியில் வட்டிக்குப் போன வீடுகள் எத்தனை!

இன்னொன்றும் உண்டு. சொந்த உபயோகத்துக்கான வாகனத்துக்கு ஜகாத் இல்லை. கடையிலுள்ள பட்டுக்கும் ஜரிகைக்கும் வருடம் பூர்த்தியானால் இரண்டரை சதவீதம் உண்டு. வருடம் முடியும் தறுவாயில் ரொக்கத்தைக் காராக மாற்றினால் ஜகாத்துக் கணக்கு சுருங்கும். அந்த எண்ணத்தோடு மாற்றுபவர் மனிதரிடம் தப்பலாம். நிய்யத்தை அறிந்தவனிடம் தப்ப முடியாது.

குறையை மறைத்தல்

பழைய வண்டி என்றால் விற்பவரின் கடமையையும் பேச வேண்டும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று எச்சரித்த ஹதீஸை அறியாதார் இல்லை. இன்று அந்த ஈரம் வேறு உருவங்களில் வருகிறது. ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவித் துடைத்து, மூழ்கிய செய்தியைச் சொல்லாமல் வெளியூரில் விற்பது இன்னொன்று. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சில வேளை சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கினால் துரு தெரியும். நாயகம் (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கை விட்டதும் இதைப் போன்ற சோதனைதான்.

மறைத்து விற்ற குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஷரீஅத் வாங்கியவருக்கு வழங்கியிருக்கிறது. எந்தக் குறைக்கும் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு விற்பது ஹனஃபி மத்ஹபில் செல்லும். எனினும் தெரிந்த குறையை வாயடைத்து மறைப்பது பாவமே. கூஃபாவில் ஜவுளி வியாபாரம் செய்த நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணியைக் குறை சொல்லாமல் தம் கூட்டாளி விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்த விற்பனைப் பணம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள். பட்டு விற்கும் ஊர்க்காரர்களாகிய நாம் இந்த நிகழ்ச்சியைக் கடையில் எழுதி மாட்டலாம்.

நாமும் ஏறினோம்

இவ்வளவையும் குறித்து வைத்துக்கொண்டு நாம் தயாராக இருந்தோம். அதற்குள் ஒரு நாள் அஸருக்குப் பிறகு அந்த சகோதரர் காரோடு பள்ளிவாசலுக்கே வந்துவிட்டார். ஓட்டிப் பார்க்க ஒரு நாள் கொடுத்திருந்தார்களாம். “கண்ணமங்கலம் வரை போய் வருவோம் ஹஜ்ரத்; ஏறாமல் எப்படி ஃபத்வா கொடுப்பீர்கள்?” என்றார். நியாயமாகப் பட்டது, ஏறினோம். பயண துஆவை ஓதினோம்.

ஊரில் நாம் ஓட்டுவது பழைய ஸ்கூட்டர். அந்த வண்டியின் இருக்கை, அமைதி, வேலூர்ச் சாலையில் அது ஓடிய விதம் எல்லாவற்றையும் மறுக்கமாட்டோம். ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்றுதான் வாயில் வந்தது. மக்ரிபுக்குத் திரும்பி வந்து பள்ளிவாசல் வாயிலில் நின்றபோது ஒளூச் செய்ய வந்தவர்களும் மதரஸாப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். கதவைத் திறந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி. நாம் இறங்கவில்லை. தலைப்பாகையைச் சரி செய்தோம். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தோம். இன்னும் இரண்டு பேர் பார்க்கட்டும் என்று நெஞ்சுக்குள் ஒன்று சொல்லிற்று. பாங்கு சொல்லும் சத்தம் கேட்டுத்தான் இறங்கினோம்.

அன்று மக்ரிபில் நாம் ஓதிய சூரா நாவில் இருந்தது. நெஞ்சு வாயிலில் நின்றுகொண்டிருந்தது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் சென்றபோது, அவர்களுடைய அந்தஸ்துக்கு ஏற்றது என்று ஓர் உயர்ந்த குதிரையைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அது நடனமாடுவதுபோல் நடந்தது. சிறிது தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள், இறங்கிவிட்டார்கள். அதன் மேல் இருக்கும்போது தம் உள்ளம் மாறுவதை உணர்ந்ததாகக் கூறித் தம் ஒட்டகத்தையே கேட்டு வாங்கி ஏறினார்கள் என்று சரித்திர நூல்களில் வருகிறது. குதிரை ஹராம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஷாம்வாசிகளைக் குதிரையிலிருந்து இறங்கச் சொல்லவும் இல்லை. தம் உள்ளத்தைத் தாமே பார்த்துத் தாமே இறங்கினார்கள். அமீருல் முஃமினீனுக்குச் சில அடிகளிலேயே தெரிந்தது, நமக்கு ஒரு தொழுகை கெட்ட பிறகு தெரிந்தது.

பெருமை என்பது நல்ல ஆடையும் நல்ல செருப்பும் அல்ல, சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. மனிதர்களை இழிவாகக் கருதுகிறோமா என்பதை வாகனத்தில் இருக்கும்போது எப்படி அறிவது? நம் ஊரிலேயே அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. காலை வேளையில் நெசவுத் தெருக்களில் பாவு நீட்டி வேலை செய்வார்கள். குடும்பமே நின்று இழைகளைச் சரிசெய்யும். அந்த நேரத்தில் தெருமுனைக்கு வரும் ஐந்து மீட்டர் வண்டி ஹாரன் அடிக்குமா, காத்திருக்குமா? பாதைக்குரிய ஹக்கைக் கொடுங்கள் என்பது நபிமொழியின் போதனை. குரலைத் தாழ்த்திக்கொள் என்பது லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசம். காத்திருப்பவருக்கு அந்த வண்டி வாகனம். ஹாரன் அடிப்பவருக்கு, அது பழைய ஸ்கூட்டரேயானாலும், சுமை.

அவர் கேட்டதும் நாம் சொன்னதும்

மறு ஜும்ஆ முடிந்து அவரிடம் நம் முடிவைச் சொன்னோம். “பாய், அது ஹராம் அல்ல. அன்று நான் அவசரப்பட்டேன். கடன் இல்லாமல், ஜகாத்தும் கூலியும் குடும்பத்தின் ஹக்கும் குறையாமல், காப்பாற்றும் செலவையும் சேர்த்துத் தாங்க முடிந்தால் வாங்கலாம். ஆனால் ஒன்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். அந்த வண்டியின் முன்னால் இருக்கும் திரிசூலச் சின்னத்தைக் கழற்றிவிட்டு, இது இன்ன வண்டி என்று யாருக்குமே தெரியாதபடி செய்துவிட்டால், அப்போதும் வாங்குவீர்களா?”

அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. பத்து நாட்கள் கழித்து வந்தார்.

“மெக்கானிக்கிடம் காட்டினேன் ஹஜ்ரத். முன்னால் இரண்டு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிகிறது. விற்பவருக்குத் தெரியும், சொல்லவில்லை. கேட்டதும் விலையைக் குறைக்கிறேன் என்றார். மாற்றுவதற்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். எங்கள் தறியில் உட்காருகிறவருக்கு நான் கொடுக்கும் பல மாதக் கூலி. என்னால் கொடுக்க முடியும்தான். ஆனால் அந்தத் தொகை தெரிந்த பிறகு, ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் முகம்தான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.” சற்று நிறுத்தி, “வண்டியை விட்டுவிட்டேன், ஆசை விடவில்லை” என்றார்.

ஆசை இருப்பது குற்றமல்ல என்று சொன்னோம். ஆசையே இல்லாதவன் ஒன்றை விடுவதில் என்ன இருக்கிறது? அவர் வாங்கியிருந்தாலும் அவரை நாம் பாவி என்று சொல்லியிருக்க மாட்டோம். வேறொரு சகோதரர் அதே வண்டியை வாங்கி, குறையைச் சரிசெய்து, நடுநிசியில் பிரசவ வேதனையில் துடிக்கும் ஓர் ஏழைப் பெண்ணை அதன் தோல் இருக்கையில் கிடத்தி வேலூருக்கு ஓட்டுவாராயின், அந்தப் பெட்ரோலின் ஒவ்வொரு துளியும் அவருடைய தராசில் வந்து நிற்கும் என்று நம்புகிறோம். இருக்கை கறைபடுமே என்று ஒரு கணம் தயங்குவாராயின், அவர் வாகனத்தின் மேல் இல்லை. வாகனம் அவர் மேல் ஏறியிருக்கிறது.

சகோதர சகோதரிகளே! வழங்கப்பட்ட நிஃமத்துகளைப் பற்றி நாளை விசாரிக்கப்படுவோம் என்று தகாஸுர் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த விசாரணையில் விலைச்சீட்டைக் காட்டித் தப்பவும் முடியாது, “பழையதுதான், மலிவாகக் கிடைத்தது” என்று சொல்லித் தப்பவும் முடியாது. காரோ, பட்டுச்சேலையோ, புதுவீடோ, கைபேசியோ, எது நம் கைக்கு வந்தாலும் வாங்குமுன் கணக்கையும் வாங்கிய பின் நெஞ்சையும் பார்த்துக்கொள்வோம். ஏறிய வாகனத்திலிருந்து இறங்க வேண்டிய நேரத்தில் தாமதியாமல் இறங்கும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் இதை எழுதிய நமக்கும் படிக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.